ஏடும் காப்புப்படியும்

நுழையும்முன்

நன்கு பேணப்பட்ட பனையோலைச் சுவடி முந்நூறு ஆண்டுகள் வாழக்கூடும். கணினியின் வன்தட்டை ஐந்தாண்டுகளுக்கு மேல் நம்புவது பொருத்தமன்று. பொருள் எதுவாயினும் அதனைக் காக்கும் வழி படியெடுத்தல் ஒன்றே. எத்தனை படி, எவ்விடத்தில், எவ்வளவு காலம் என்னும் வினாக்கள் காவிரிக் கரையில் ஏடு தேடியவர் முன்னும் நின்றன. இன்று காப்புப்படி மென்பொருளுக்குச் சேமிப்பகம் அமைப்பவர் முன்னும் நிற்கின்றன.

கும்பகோணம் அரசினர் கல்லூரியில் 1880ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தமிழாசிரியராகப் பணியேற்றபோது உ. வே. சாமிநாதையருக்கு அகவை இருபத்தைந்து நிறையும் தறுவாய். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், தலபுராணம் எனப் பல நூல்களைக் கற்றுத் தேர்ந்தவர். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற நூல்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூறினார். முதலியாரோ அவற்றுக்கெல்லாம் முந்திய பழந்தமிழ் நூல்களைப் பற்றி வினவினார். சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்னும் கேள்விக்குச் சாமிநாதையரிடம் விடையில்லை. முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் படியை அவரிடம் கொடுத்தார். அந்த ஒரு படியிலிருந்து தொடங்கிய தேடல், பல ஊர்ச் சுவடிகளை ஒப்புநோக்கி, கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களிடம் பொருள் கேட்டறிந்து, 1887இல் சிந்தாமணியின் அச்சுப் பதிப்பாக நிறைவுற்றது.

இவ்வரலாறு தமிழ்நூற் பதிப்பின் வரலாறாகவே பெரிதும் சொல்லப்பட்டு வருகிறது. அதனைச் சேமிப்பின் வரலாறாகவும் பார்க்கலாம். எந்த நூலுக்கு எத்தனை படிகள் இருந்தன, அவை எங்கே இருந்தன, எந்நிலையில் இருந்தன என்பவையே அந்நூல் பிழைத்ததா மறைந்ததா என்பதை முடிவு செய்தன.

ஒற்றைப் படி

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான வளையாபதியின் ஏட்டுச்சுவடியைத் தம் ஆசிரியர் வாழ்ந்த காலத்தில் திருவாவடுதுறையில் கண்டதாகச் சாமிநாதையர் எழுதியிருக்கிறார். அப்போது அவர் மாணவர். பழங்காப்பியங்களில் அவருடைய நாட்டம் இன்னும் செல்லவில்லை. பின்னாளில் அந்நூலைப் பதிப்பிக்க விரும்பித் தமிழகமெங்கும் தேடியபோது அது கிடைக்கவே இல்லை. கண்ணால் கண்ட நூல், கையெட்டும் தொலைவில் இருந்த நூல், ஒரு தலைமுறைக்குள் இல்லாமற்போயிற்று.

சுவடிகள் அழிந்த வழிகள் பல. டெல்டாவின் ஈரக்காற்றும் கரையானும் பூச்சியும் ஓய்வின்றி உழைத்தன. பயனற்றவை என்று கருதப்பட்ட பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கமும் இருந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த சுவடிகளைத் தேடிச் சென்ற சாமிநாதையருக்கு, அவை நெய்யில் தோய்க்கப்பட்டுத் தீயில் இடப்பட்டன என்னும் மறுமொழியே கிடைத்தது. அவ்வாறு செய்தவர்கள் நூலுக்குப் பகைவர் அல்லர்; முதுமையடைந்த ஏட்டைத் தக்க முறையில் வழியனுப்புவதாகவே எண்ணினர். புதிய படி எடுத்துக்கொண்டு பழைய ஏட்டைக் கழிப்பது என்பதே அவ்வழக்கத்தின் முதற்பொருளாக இருந்திருக்கக்கூடும். காலப்போக்கில் படியெடுத்தல் நின்றது. கழித்தல் மட்டும் தொடர்ந்தது. இன்றைய கணினி அறைகளிலும் இதே விபத்து நேர்கிறது. இடம் போதவில்லை என்று பழைய கோப்புகளை நீக்குமாறு அமைக்கப்பட்ட மென்பொருள், புதிய படி எடுக்கப்படாத நாளிலும் நீக்கும் வேலையை மட்டும் தவறாமல் செய்துவிடும்.

வளையாபதி முற்றிலும் மறையவில்லை. புறத்திரட்டு என்னும் தொகைநூலைத் தொகுத்தவர் அதிலிருந்து பல செய்யுள்களை எடுத்து வைத்திருந்தார். உரையாசிரியர்கள் சில செய்யுள்களை மேற்கோளாகக் காட்டியிருந்தனர். அவ்வாறு கிடைத்தவை 72 செய்யுள்கள். அவர்கள் காப்புப்படி எடுக்கும் எண்ணத்தோடு எழுதியவர்கள் அல்லர். ஆயினும் வேறொருவர் வீட்டில், வேறொரு நூலுக்குள், வேறொரு காலத்தில் எழுதப்பட்டமையால் அவை பிழைத்தன.

பழுதின் படி

படிகள் பல இருந்தால் போதும் என்று கருதுவதும் பிழையே. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் எந்தச் சுவடியிலும் கிடைக்கவில்லை. அந்நூலின் பழைய உரையும் 266ஆம் பாடலோடு நின்றுவிடுகிறது. ஐங்குறுநூற்றில் 129, 130ஆம் பாடல்கள் இல்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. மறைந்தவை அடுத்தடுத்த பாடல்களாகவோ நூலின் இரு முனைகளாகவோ இருப்பது எண்ணத்தக்கது. ஏட்டுக்கட்டில் மேலும் கீழும் உள்ள ஏடுகளே தேய்வுக்கும் பூச்சிக்கும் முதலில் இரையாகும். இடையில் ஓர் ஏடு உதிர்ந்தால் அடுத்தடுத்த பாடல்கள் சேர்ந்தே போகும்.

ஊர்தோறும் தேடிச் சேர்த்த சுவடிகள் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரே குறை இருப்பானேன்? அவை யாவும் ஏற்கெனவே ஏடு இழந்த ஒரு மூலச்சுவடியின் வழிவந்த படிகள் என்று கொள்வதே பொருந்தும். எழுதியவர் கண்டதை உள்ளவாறே எழுதினார். அவருக்குப் பின் வந்தவரும் அவ்வாறே எழுதினார். படிகள் பெருகப் பெருகக் குறையும் பெருகிற்றே அன்றி நிறைவு மீளவில்லை. குறை நேர்வதற்கு முன் எழுதப்பட்ட படி ஒன்று எங்கேனும் தனியே இருந்திருந்தால் அவ்விரு பாடல்களும் இன்று கையில் இருக்கும்.

கணினியியலில் இவ்வுண்மையை 2011 பிப்ரவரி இறுதியில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி நன்கு விளக்குகிறது. கூகுள் நிறுவனத்தின் ஜிமெயில் சேவையில், மென்பொருட் புதுப்பிப்பில் இருந்த பிழை ஒன்று பயனர்களுள் 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல்களைக் காணாமற் செய்தது. ஒவ்வோர் அஞ்சலுக்கும் வெவ்வேறு தரவு நிலையங்களில் பல படிகள் இருந்தன. எனினும் அப்படிகள் ஒன்றோடொன்று இணைந்தவை. ஓரிடத்தில் நேர்ந்த மாற்றம் மற்ற இடங்களுக்கும் உடனே சென்றது. பிழையும் அவ்வாறே சென்றது. இறுதியில் கைகொடுத்தவை வலையோடு இணைக்கப்படாமல் வைக்கப்பட்டிருந்த காந்த நாடாக்கள். அவற்றிலிருந்து அஞ்சல்கள் மீட்கப்பட்டன. நாடாவில் இருந்தது சற்றுப் பழைய படி. பழையதாக இருந்தமையே அதன் பெருமை.

ஒரே பெட்டிக்குள் இரண்டு வன்தட்டுகளைப் பொருத்தி, ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் எழுதப்படுமாறு அமைக்கும் முறை பல அலுவலகங்களில் உண்டு. ஒரு தட்டு பழுதானாலும் வேலை நில்லாது என்பது அதன் பயன். ஆனால் கோப்பொன்றைத் தவறாக அழித்தால் இரண்டு தட்டிலும் அது அழியும். ஆகவே அதனைக் காப்புப்படி என்று கொள்ளலாகாது. பணத்தைப் பூட்டுப்போட்டு அறைக்குள் தள்ளி மீட்புத்தொகை கேட்பதைப் போல, கோப்புகளை மறையாக்கம் செய்து பணம் பறிக்கும் தீநிரல்களும் இன்று உள்ளன. கணினியோடு எப்போதும் இணைந்தே இருக்கும் வன்தட்டை அவை மூலக் கோப்புகளோடு சேர்த்தே கைப்பற்றும்.

சரபோசியின் நூலகமும் பட்டியலும்

கும்பகோணத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது தஞ்சாவூர்ச் சரசுவதி மகால் நூலகம். நாயக்க மன்னர் காலத்தில் வேர்கொண்டு, 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னரால் பெருவளர்ச்சி பெற்றது. சமற்கிருதம், தமிழ், மராத்தி, தெலுங்கு மொழிகளில் 40,000க்கு மேற்பட்ட சுவடிகளைக் கொண்டது. வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணிமுடிச்சாகக் கட்டிச் சுவடிகளுக்கு இடையே வைப்பது அங்கே பின்பற்றப்படும் பழைய முறை. நறுமணம் குறையும்போது முடிச்சை மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அவருக்கு நாள் நினைவிருக்க வேண்டும். சேமிப்பகம் என்பது ஒருமுறை வாங்கி வைத்துவிடும் பொருள் அன்று என்பதை அம்முடிச்சு காட்டுகிறது.

அந்நூலகத்தின் சமற்கிருதச் சுவடிகளுக்கு ஏ. சி. பர்னெல் என்னும் ஆங்கிலேய நீதிபதி வகைப்படுத்திய பட்டியல் ஒன்றைத் தொகுத்தார். அது இலண்டனில் வெளிவந்ததும் 1880ஆம் ஆண்டே. சாமிநாதையர் முதலியாரைச் சந்தித்த அதே ஆண்டு. பட்டியல் இல்லாத சேமிப்பில் நூல் இருந்தும் இல்லாததே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைய நேர்ந்ததற்கு முதற்காரணம், எந்த வீட்டில் எந்த நூல் உள்ளது என்று சொல்லும் பட்டியல் இல்லாமையே ஆகும்.

காப்புப்படி மென்பொருள்களும் இத்தகைய பட்டியலைப் பேணுகின்றன. எந்தக் கோப்பின் எந்நாளைய வடிவம் எந்த நாடாவில் அல்லது எந்தத் தட்டில் உள்ளது என்பதை அது காட்டும். பாகுலா போன்ற கட்டற்ற மென்பொருளில் இப்பட்டியல் தனியொரு தரவுத்தளமாக இருக்கிறது. அப்பட்டியலையே காப்பாற்ற மறந்துவிடுவோர் பலர். பட்டியல் அழிந்தால் நாடாக்களை ஒவ்வொன்றாகப் படித்து மீண்டும் தொகுக்க வேண்டியிருக்கும். சாமிநாதையரின் பயணத்தைக் கணினி அறைக்குள் நடத்துவது போன்றது அது.

இடத்தைக் கணக்கிடல்

கும்பகோணத்தில் ஒரு நூலகம் தன்னிடமுள்ள 1,000 சுவடிகளை ஒளிப்படமாக்கத் திட்டமிடுவதாகக் கொள்வோம். சுவடிக்குச் சராசரியாக 150 ஏடுகள். ஏட்டுக்கு இரண்டு பக்கங்கள். எனவே மொத்தப் படங்கள் 3,00,000. எழுத்தாணிக் கீறல் தெளிவாகத் தெரியுமாறு எடுக்கப்படும் படம் ஒன்று 40 மெகாபைட் அளவுடையதாயின், தேவைப்படும் இடம் 12 டெராபைட். மாதத்திற்கு 20 சுவடிகள் என்னும் வேகத்தில் பணி நடந்தால் மாதந்தோறும் 240 ஜிகாபைட் சேரும். முழுப்பணி நிறைவுற 50 மாதங்கள் ஆகும்.

இக்கணக்கைப் போடாமல் 4 டெராபைட் வன்தட்டு ஒன்றை வாங்கி வைத்தால், அது பதினேழாம் மாதத்தில் நிறைந்துவிடும். அம்மாதம் தேர்வுக் காலமாகவோ விடுமுறையாகவோ இருந்து, எவரும் கவனிக்காவிட்டால் அன்று முதல் எடுத்த படங்களுக்குப் படியே இராது.

படங்களோடு இன்னொன்றும் சேரும். ஒவ்வொரு சுவடியின் பெயர், நூலாசிரியர், ஏட்டு எண்ணிக்கை, சிதைவு நிலை ஆகியவற்றைக் கொண்ட விளக்கப் பட்டியல் அது. இரண்டின் இயல்பும் வேறு. எடுத்து முடித்த படம் பின்னர் மாறுவதில்லை. மாறினால் அதுவே பழுதின் அடையாளம். விளக்கப் பட்டியலோ நாள்தோறும் திருத்தப்படும். சென்ற மாதம் ஒருவர் தவறாகத் திருத்தியதை இம்மாதம் கண்டறிந்தால், திருத்துவதற்கு முன்பிருந்த வடிவம் வேண்டும். ஆகவே படங்களுக்கு வேண்டுவது இடம். பட்டியலுக்கு வேண்டுவது காலவரிசையான பல வடிவங்கள். இவ்வேறுபாட்டை அறியாமல் இரண்டையும் ஒரே விதிக்குள் அடைப்பதுதான் சேமிப்பகம் வீணாக நிறைவதற்குப் பெரும்பாலும் காரணமாகிறது.

முதன்முறை எல்லாவற்றையும் எடுப்பது முழுப்படி. அதன்பின் மாறியவற்றையும் புதியனவற்றையும் மட்டும் எடுப்பது கூடுதற்படி. மேற்கண்ட நூலகத்தில் நாளொன்றுக்குச் சேர்வது ஏறத்தாழ 8 ஜிகாபைட். நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் அதனை வெளியூர்ச் சேமிப்பகத்திற்கு அனுப்பப் பதினொரு நிமிடங்கள் போதும். முழுத் தொகுப்பான 12 டெராபைட்டை அதே இணைப்பில் அனுப்பப் பதினொரு நாள்கள் இடைவிடாமல் வேண்டும். இழப்பு நேர்ந்தால் அங்கிருந்து திரும்பப் பெறவும் அதே பதினொரு நாள்கள் ஆகும். சேமிப்பகத்தைத் தேர்வு செய்பவர், வைக்க ஆகும் நேரத்தை எண்ணுவதோடு எடுக்க ஆகும் நேரத்தையும் எண்ண வேண்டும். பெருந்தொகுப்பை வன்தட்டில் ஏற்றிப் பேருந்தில் கொண்டுசெல்வதே சில வேளைகளில் விரைவானது என்பது வேடிக்கையன்று.

மூன்று, இரண்டு, ஒன்று

பீட்டர் கிரோக் என்னும் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் தம் படங்களைக் காக்க ஒரு வழிமுறையை வகுத்தார். மூலத்தையும் சேர்த்து மூன்று படிகள் வேண்டும். அவை இரண்டு வகையான ஊடகங்களில் இருக்க வேண்டும். ஒரு படியேனும் வேறிடத்தில் இருக்க வேண்டும். கணினித்துறை இதனை இன்று பொதுவிதியாகவே ஏற்றுக்கொண்டுள்ளது.

வேறிடம் என்பது எவ்வளவு தொலைவு? அடுத்த அறை தீவிபத்திற்கு வேறிடமன்று. அடுத்த தெரு வெள்ளத்திற்கு வேறிடமன்று. 2018 நவம்பர் 16ஆம் நாள் வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயல் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒருசேரத் தாக்கியது. தென்னந்தோப்புகள் சாய்ந்தன, பல ஊர்களில் மின்சாரம் வர நாள்கள் பல ஆயின. கும்பகோணத்தில் உள்ளதன் படியை மன்னார்குடியில் வைத்தால், இரண்டும் ஒரே புயலின் குடைக்குள் அடங்கிவிடக்கூடும். கோயம்புத்தூரிலோ அதனினும் தொலைவிலோ ஒரு படி இருப்பது நன்று.

மேகச் சேமிப்பகம் இதற்கு எளிய வழி. அங்கே அனுப்பும் முன் கோப்புகளை மறையாக்கம் செய்வது வழக்கம். மறையாக்கத் திறவுகோல் நூலகக் கணினியில் மட்டுமே இருந்தால், அக்கணினி அழியும் நாளில் மேகத்தில் உள்ள படியும் பூட்டிய பெட்டியாகவே கிடக்கும். திறவுகோலைத் தாளில் அச்சிட்டு உறையிலிட்டு, பொறுப்பாளர் இருவரிடம் தனித்தனியே கொடுத்து வைப்பது பழமையான வழிதான். அதைவிட நல்ல வழி எளிதில் அகப்படாது.

ஊடகத்தைத் தேர்வு செய்வதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். எல்.டி.ஓ. வகைக் காந்த நாடா முப்பது ஆண்டுகள் வரை தாங்கும் என்று தயாரிப்போர் கூறுவர். நாடா தாங்கும், அதனைப் படிக்கும் கருவி இருக்குமா என்பதே வினா. எட்டாம் தலைமுறைக் கருவி ஏழாம் தலைமுறை நாடாவைப் படிக்கும். ஆறாம் தலைமுறை நாடாவைப் படிக்காது. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு காட்டாத இடங்களும் உண்டு. ஏடு முழுமையாக இருந்தும் அதனைப் படிக்கவல்லவர் அருகியமையால் பயனற்றுக் கிடந்த சுவடிகள் பல. ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய ஊடகத்திலிருந்து புதிய ஊடகத்திற்கு மாற்றி எழுதுவதும் சேமிப்பக மேலாண்மையின் ஒரு பகுதியாகும்.

நிறையும் சேமிப்பகம்

ஏரி நிறைந்தால் மிகுநீர் வெளியேறக் கலிங்கு உண்டு. வன்தட்டுக்குக் கலிங்கு இல்லை. நிறைந்தவுடன் எழுதுவது நின்றுவிடும். அதற்கான கலிங்கை மேலாளரே கட்ட வேண்டும். தக்கவைப்புக் காலம் என்று அதனைக் கூறுவர்.

விளக்கப் பட்டியலின் அளவு 2 ஜிகாபைட் எனில், நாள்தோறும் ஒரு முழுப்படியை எடுத்து எதையும் நீக்காமல் வைத்தால் ஓராண்டில் 730 ஜிகாபைட் ஆகும். அதற்கு மாறாக, அண்மைய ஏழு நாள்களுக்கு நாட்படி, நான்கு வாரங்களுக்கு வாரப்படி, பன்னிரண்டு மாதங்களுக்கு மாதப்படி என வைத்தால் 23 படிகளே இருக்கும்; தேவை 46 ஜிகாபைட். நேற்றைய தவறையும் சென்ற ஆண்டுத் தவறையும் அதனால் திருத்த முடியும். மகன், தந்தை, பாட்டன் என மூன்று தலைமுறையை ஒரே வீட்டில் வைத்திருப்பது போன்ற முறை இது.

பாகுலா போன்ற மென்பொருள், நாடாக்களையும் தட்டுக் கோப்புகளையும் தொகுதிகளாகவும், தொகுதிகளைக் குழுக்களாகவும் பிரிக்கிறது. நாட்படிக்கு ஒரு குழு, மாதப்படிக்கு ஒரு குழு என அமைத்து, ஒவ்வொரு குழுவிற்கும் தனித் தக்கவைப்புக் காலம் குறிக்கலாம். காலம் கடந்த தொகுதியை மென்பொருள் தானே எடுத்து அதன்மேல் மீண்டும் எழுதும். இங்கே இரு திசையிலும் தவறு நேரலாம். காலத்தை மிகக் குறைத்தால் வேண்டியது வேண்டும் முன்னரே அழியும். மிக நீட்டினால் எழுத இடமின்றி அன்றைய படி எடுக்கப்படாமல் போகும். இடத்தில் எண்பது விழுக்காடு நிறைந்தவுடன் பொறுப்பாளருக்கு அறிவிப்பு வருமாறு அமைப்பது நல்ல வழக்கம். அவ்வறிவிப்பைப் படிப்பவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதும் அவ்வழக்கத்தில் அடங்கும்.

தெரிந்து தெளிவோம்

ஒரு கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் கணித வழியில் சுருக்கிப் பெறப்படும் எண்ணைச் சரிபார்ப்புத் தொகை என்பர். கோப்பு எவ்வளவு பெரிதாயினும் தொகையின் நீளம் ஒன்றே. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் தொகை முற்றிலும் வேறாகிவிடும். படம் எடுத்த நாளில் கணித்த தொகையை எழுதி வைத்து, பின்னொரு நாளில் படியின் தொகையைக் கணித்து ஒப்பிட்டால், படி பழுதின்றி உள்ளதா என்பதைக் கண்ணால் பாராமலே அறியலாம். ஏடெழுதுவோர் நூலின் முடிவில் பாட்டுத்தொகை குறித்து வைத்ததும் ஏறத்தாழ இந்நோக்கிற்கே பயன்பட்டது. பத்துப் பாட்டு என்று குறித்த இடத்தில் எட்டே இருந்தால், இரண்டு போயின என்பது உடனே தெரியவரும்.

மீட்டெடுத்துப் பார்த்தல்

2017 சனவரி 31ஆம் நாள், மென்பொருள் உருவாக்குவோர் தம் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லாப் என்னும் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் இரவு நேரப் பணியின்போது தவறான கணினியில் கட்டளை இட்டுவிட்டார். ஏறத்தாழ 300 ஜிகாபைட் அளவுள்ள தரவுத்தளம் அழியத் தொடங்கியது. நிறுத்தியபோது எஞ்சியது 4.5 ஜிகாபைட். காப்புப்படிகள் உள்ளன என்று எல்லாரும் நம்பினர். தேடியபோது, நாள்தோறும் படி எடுத்துவந்ததாகக் கருதப்பட்ட நிரல், தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாத பழைய பதிப்பாக இருந்தது தெரியவந்தது. அது தோல்வியையே தந்துகொண்டிருந்தது. மேகச் சேமிப்பகம் வெறுமையாக இருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் அஞ்சல் வழங்கியால் மறுக்கப்பட்டு, எவர் கண்ணிலும் படாமற் போயிருந்தன. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரத்திற்கு முன் ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த படி ஒன்றே நிறுவனத்தைக் காத்தது. அந்த ஆறு மணி நேரத்து வேலை மட்டும் மீளவில்லை. நடந்ததை அந்நிறுவனம் மறைக்காமல் விரிவாக எழுதி வெளியிட்டது. உலகெங்கும் உள்ள கணினி மேலாளர்கள் அதனைப் படித்துத் தத்தம் சேமிப்பகங்களைத் திறந்து பார்த்தனர்.

படி எடுக்கப்பட்டது என்று மென்பொருள் பச்சை விளக்கைக் காட்டுவது ஒரு செய்தி மட்டுமே. அப்படியிலிருந்து கோப்பை வெளியே எடுத்து, வேறொரு கணினியில் திறந்து, சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்ட பின்னரே அதனைப் படி என்று எண்ண முடியும். மேற்சொன்ன நூலகத்தில் மாதம் ஒரு நாளைக் குறித்து, ஏதேனும் ஒரு சுவடியின் ஏதேனும் ஓர் ஏட்டை மூன்று படிகளிலிருந்தும் எடுத்துப் பார்த்தால் போதும். அரைமணி நேர வேலை. ஆண்டுக்கு ஒருமுறை, நூலகக் கணினி இல்லை என்றே வைத்துக்கொண்டு, வெளியூர்ப் படியை மட்டும் கொண்டு எல்லாவற்றையும் மீட்டுப் பார்ப்பது கடினமான வேலை. திறவுகோல் உறை எங்கே என்பதும், பட்டியலுக்குப் படி உண்டா என்பதும், பொறுப்பாளர் பணிமாறிச் சென்றிருந்தால் அடுத்தவருக்கு வழி தெரியுமா என்பதும் அன்றுதான் வெளிப்படும்.

யாழ்ப்பாணம்

1981 மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்திற்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. வேறிடங்களில் படியுள்ள நூல்களை மீண்டும் வாங்க முடிந்தது. நன்கொடையாகப் பெற முடிந்தது. அங்கு மட்டுமே இருந்தவை பெயரளவில் நின்றன.

அந்நெருப்பின் நினைவு மறையாத ஈழத்தமிழர்கள் 2005இல் நூலகம் என்னும் பெயரிலேயே மின்னூலகம் ஒன்றைத் தொடங்கினர். ஈழத்து நூல்கள், இதழ்கள், துண்டறிக்கைகள் முதலியன அங்கே மின்னாக்கம் செய்யப்பட்டு வருகின்றன. அதற்கு முன்பே, 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியிருந்தார். பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து பிழைதிருத்தி அனுப்ப, எவரும் இலவசமாகப் படியெடுத்துக்கொள்ளுமாறு அவை வழங்கப்பட்டன. சாமிநாதையர் பதிப்பித்த நூல்கள் இன்று எத்தனை நாடுகளில், எத்தனை பேருடைய கணினிகளில் உள்ளன என்று கணக்கிட முடியாது.

சாமிநாதையர் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிச் சென்றபோது தாம் தேடிச் சேர்த்த சுவடிகளையும் உடன்கொண்டு சென்றார். 1942இல் அவர் மறைந்தபின், 1943இல் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையம் அச்சுவடிகளை ஏற்றது. சென்னை பெசன்ட் நகரில் அது இன்றும் இயங்கி வருகிறது. அச்சாகிப் பல்லாயிரம் படிகளாகப் பெருகிவிட்ட நூல்களின் ஓலைகளும் அங்கே உள்ளன. அச்சில் ஐயம் எழும்போது ஆய்வாளர்கள் அவ்வோலைகளிடம்தான் திரும்பிச் செல்கின்றனர்.

கற்பவை கற்றபின்...

உங்கள் பள்ளி நூலகத்திலோ ஊர்க் கோயிலிலோ வீட்டிலோ ஒரே படியாக உள்ள ஆவணம் ஒன்றைக் கண்டறிந்து, அதற்கு மூன்று படிகள் எங்கெங்கே வைக்கலாம் என்பதை வரைபடத்துடன் விளக்குக.

உங்கள் வகுப்பு ஆண்டுமலருக்காக எடுத்த ஒளிப்படங்களுக்கு ஐந்தாண்டுகளில் எவ்வளவு சேமிப்பிடம் தேவைப்படும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டுக.

புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்காமை குறித்து இப்பாடம் கூறும் காரணத்தை ஏற்கிறீர்களா? வேறு காரணம் இருக்கக்கூடுமா? வகுப்பில் கலந்துரையாடுக.